1773 எந்தப் பாடத்தில் வருகிறது?

மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்கள் புரட்டும் கைடுகளில் அமெரிக்க வரலாறு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். 1773 பாஸ்டன் தேநீர் விருந்து, 1776 சுதந்திரப் பிரகடனம், 1781 யார்க்டவுன், 1861 உள்நாட்டுப் போர். திருப்புமுனை என்றால் ஆண்டும் பெயரும்தான்.

இந்தப் பழக்கத்தை ஏளனம் செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவருக்கு, கோச்சிங் கட்டணம் கட்ட வழியில்லாதவருக்கு, குறைந்த செலவில் கிடைக்கிற ஆயுதம் இந்தப் பட்டியல்தான். தவிர, எது முன்னால், எது பின்னால் என்று தெரியாதவர் காரணத்தைத் தேடவே முடியாது.

கோளாறு, பட்டியலை அறுத்து வைக்கிற விதத்தில் இருக்கிறது. பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. (சீனத் தேயிலை; நம் மலைகளில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது.) வங்கப் பஞ்சத்துக்குப் பின் கடனில் தத்தளித்த கம்பெனியைக் கரையேற்ற, தேங்கிய சரக்கை அமெரிக்காவில் தள்ளிவிடத் தேயிலைச் சட்டம் வந்தது, கம்பெனிக்குக் கடிவாளம் போட ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இரண்டும் 1773. கைடிலோ முன்னது உலக வரலாற்றில், பின்னது அரசியலமைப்பு வளர்ச்சியில். இரண்டையும் பிழையில்லாமல் ஒப்பிக்கிறவருக்கும் இரண்டும் ஒரே கடனுக்குப் பிறந்தவை என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

காரன்வாலிஸ் கதை இன்னும் வேடிக்கை. குடிமைப் பணியின் தந்தை யார் என்று கேட்டால் தூக்கத்திலும் அவர் பெயரைச் சொல்வார்கள். 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த படையின் தளபதியும் அவரே. ஐந்தே ஆண்டுகளில் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். திப்புவை வென்று 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அவர் பெற்ற பகுதிகளில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. அமெரிக்காவின் திருப்புமுனைக்கும் மதுரையின் வடக்கு எல்லைக்கும் இடையில் நிற்பது ஒரே ஆள். அடுத்தது பருத்தி. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த 1861–65 காலத்தில் தென் மாநிலங்களின் பஞ்சு லங்காஷயர் ஆலைகளுக்குச் சரிவரப் போய்ச் சேரவில்லை. இங்கே கரிசல் பருத்தியின் விலை ஏறியது. போர் முடிந்ததும் சரிந்தது. விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு லிங்கனைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி உண்டா?

‘கூற்று – காரணம்’ வகைக் கேள்விகள் இந்தக் கோளாறுக்கு மருந்தாகியிருக்கலாம். அவற்றின் விடைகளையும் கைடுகள் மனப்பாடச் சரக்காக்கிவிட்டன. குற்றவாளி மாணவர் அல்லர். கேள்வித்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர் படிப்பார். கேள்வி எடுப்பவர்கள் இரண்டு பாடங்களை ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்கத் தொடங்கினால், அடுத்த பதிப்பிலேயே கைடுகளும் மாறும்.

அதுவரை, தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். எல்லாப் பாடங்களின் ஆண்டுகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எதனால்?’ என்று ஒரு கட்டம் விடுங்கள். 1773-இலிருந்து தொடங்கலாம்.