நாயை மல்லாத்தினால் பணியுமா?

ஒரு நூல் இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்துத் திருத்திய பதிப்பாக வெளிவருகிறது. முதற்பதிப்பில் விளக்கமாகச் சொல்லப்பட்ட ஒரு செய்முறையைத் திருத்திய பதிப்பு கைவிடுகிறது; அதைச் செய்ய வேண்டாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. இடைப்பட்ட காலத்தில் முதற்பதிப்பை வாங்கிப் படித்து அதன்படியே நடந்தவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த மதிப்புரையை முற்றிலும் நடுநிலையாளன் ஒருவன் எழுதியதாக வாசகர்கள் கொள்ள வேண்டாம்.

நூலின் பெயர் 'ஹவ் டு பி யுவர் டாக்ஸ் பெஸ்ட் ஃபிரெண்ட்'. உங்கள் நாய்க்கு உற்ற நண்பனாவது எப்படி என்று பொருள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நியூ ஸ்கீட் என்னும் மடத்தில் வாழும் கிறித்தவத் துறவிகள் 1978இல் எழுதியது. அல்சேஷன் என்று நம்மவர் அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்ப்பதும் பயிற்றுவிப்பதும் அவர்களது தொழில். நாய்களோடு உண்டு உறங்கி வாழ்பவர்கள் எழுதியதால், ஏட்டறிவு மட்டும் உள்ளவர்களால் எழுத முடியாத பல செய்திகள் இதில் உண்டு. நாயைக் கொல்லையில் தனியே கட்டிப் போட்டுவிட்டு, அது குரைக்கிறது, தோண்டுகிறது என்று குறைப்படாதீர்கள் என்கிறார்கள். நாய் கூட்டமாக வாழும் விலங்கு. இரவில் வீட்டாருக்கு அருகில் படுக்க விடுங்கள் என்கிறார்கள். நாயின் உடலை அன்றாடம் நீவிவிடுவது பற்றியும் ஒரு பகுதி உண்டு. நாயைக் கூர்ந்து நோக்கும் பழக்கத்தை இந்நூல் எனக்குக் கற்பித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. நாய் கடித்தல், பிற நாய்களோடு சண்டையிடுதல் போன்ற பெரிய குற்றங்களைச் செய்தால் என்ன செய்வது? அதன் பிடரித் தோலைப் பற்றித் தரையில் உருட்டி மல்லாத்த வேண்டும். அது அடங்கும்வரை கண்ணோடு கண் நோக்கிக் கண்டிக்க வேண்டும் என்றது முதற்பதிப்பு. இதற்கு 'ஆல்ஃபா ஓநாய்ப் புரட்டல்' என்று பெயர். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் இவ்வாறுதான் அடங்காதவற்றை அடக்குகிறது. நாய் ஓநாயின் வழிவந்தது. எனவே வீட்டுத் தலைவனும் அவ்வாறே செய்யலாம் என்பது அதன் தருக்கம்.

1984இல் பழைய புத்தகக் கடை ஒன்றில் இந்நூல் எனக்குக் கிடைத்தது. அப்போது எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் இருந்தது. மற்ற வேளைகளில் சாது. சோற்றுத் தட்டின் அருகே யாராவது சென்றால் மட்டும் உறுமும். நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அது உறுமியபோதெல்லாம் மல்லாத்தினேன். நான்கைந்து நாட்களில் உறுமல் நின்றுவிட்டது. வெற்றி என்று எண்ணி வீட்டாரிடம் பெருமையும் பேசினேன். இரண்டு வாரம் சென்றிருக்கும். தட்டை எடுக்கக் குனிந்த என் தம்பியின் கையை மணி ஓசையின்றிக் கவ்வியது. நான்கு பற்கள் பதிந்தன. அந்நாளில் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான். பன்னிரண்டு வயதுப் பையன் நாள்தோறும் அழுதுகொண்டே போய்ப் போட்டுக்கொண்டான். பத்தாம் நாள்வரை நாய் நலமாக இருந்ததால் மீதி ஊசிகள் நிறுத்தப்பட்டன. மணியை அரிசி ஆலைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள். சொல்லாமல் கடிக்கும் நாய் என்று அங்கே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

அது சொல்லிப் பார்த்த நாய். சொல்லாதே என்று கற்பித்தவன் நான்.

ஓநாய்கள் செய்வது என்ன?

இந்தச் செய்முறைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஓநாயியலைச் சற்றே பார்ப்போம். ருடால்ஃப் ஷெங்கல் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் பாசல் நகர விலங்குக்காட்சிச் சாலையில் ஓநாய்களை ஆராய்ந்து 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கூட்டத்தில் மேல்நிலைக்குப் போட்டி நடப்பதையும், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முதலிடம் பெறுவதையும் அவர் விவரித்தார். 'ஆல்ஃபா' என்ற சொல் பரவியதற்கு இக்கட்டுரையே முதன்மையான காரணம். ஆனால் அவை அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்கள். பிடிக்காதவற்றை விட்டு விலகிப் போக அவற்றுக்கு வழியில்லை. சிறைச்சாலையில் நடப்பதைப் பார்த்து ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று முடிவு செய்வது எத்தகையதோ, அத்தகையது இது.

அமெரிக்க அறிஞர் டேவிட் மீச் 1970இல் எழுதிய 'தி வுல்ஃப்' என்னும் நூல் ஆல்ஃபா கருத்தைப் பொதுமக்களிடையே கொண்டு சென்றது. பின்னர் 1986 முதல் அவரே கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில், இயற்கையில் வாழும் ஓநாய்களைக் கோடைதோறும் அருகிருந்து கவனித்தார். அங்கே கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் குட்டிகள். தலைமை என்பது சண்டையிட்டுப் பெற்ற பட்டமன்று. பெற்றோர் என்ற உறவு. குட்டிகள் வளர்ந்ததும் வெளியேறித் தமக்கென இணை தேடிக்கொள்கின்றன. இதை 1999இல் ஒரு கட்டுரையாக வெளியிட்ட மீச், தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரைப் பல ஆண்டுகள் வேண்டி வந்தார். 2022இல்தான் அது நின்றது. நன்றாக விற்கும் தம் நூலைத் தாமே நிறுத்தச் சொல்லும் ஆசிரியர்கள் உலகில் மிகச் சிலரே இருப்பர்.

துறவிகள் நூல் எழுதிய 1978இல் மீச்சின் பின்னைய ஆய்வு இல்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஷெங்கல் 1967இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை இருந்தது. ஓநாயும் நாயும் பணிவு காட்டும் விதங்களைப் பற்றியது அது. கீழ்நிலை விலங்கு தானாகவே பக்கவாட்டில் சாய்ந்து வயிற்றைக் காட்டிப் படுப்பதை அவர் அதில் விவரித்துள்ளார். தானாகவே என்பதைக் கவனிக்க வேண்டும். அது கொடுக்கப்படும் செய்தி, பறிக்கப்படுவதன்று. கும்பிடுபவனின் கையைப் பிடித்து முறுக்கிக் கும்பிட வைத்தால் அது மரியாதையாகுமா? வலுவான ஒன்று தன்னைப் பிடித்து மல்லாத்துகிறது என்றால் நாய்க்கு அதில் தெரிவது தலைமையன்று, தாக்குதல். அஞ்சிய நாய் உறைந்து கிடக்கலாம். அல்லது எட்டும் இடத்தில், பெரும்பாலும் முகத்தில், கடிக்கலாம்.

இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்றுண்டு. ஓநாய் வழியிலிருந்து நாய் பிரிந்து குறைந்தது பதினையாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஓநாயின் ஒழுக்கம் சரியாகத் தெரிந்தாலும், அது வீட்டு நாய்க்கு விதியாகுமா? சிம்பன்சியைப் பார்த்து மனிதக் குழந்தையை வளர்க்க நாம் முற்படுவதில்லை.

உறுமல் ஒரு நோயன்று

கடிக்கும் நாய் எல்லாம் தலைமைக்குப் போட்டியிடுகிறது என்பதே இந்நூலும் இதைப் போன்ற பல நூல்களும் செய்யும் பெரும்பிழை. அச்சத்தால் கடிக்கும் நாய்கள் மிகுதி. உணவையோ எலும்பையோ காக்கக் கடிப்பது உண்டு. குட்டிகளைக் காக்கக் கடிப்பது உண்டு. காதில் புண், மூட்டில் வலி என்று நோவினால் கடிப்பதும் உண்டு. முன்பு சாதுவாக இருந்த நாய் திடீரெனச் சீறத் தொடங்கினால் பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் பலவாக இருக்க மருந்து ஒன்றே என்பவரை எந்தத் துறையிலும் நாம் நம்புவதில்லை.

தண்டனை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. செய்யும், எங்கள் வீட்டிலும் உறுமல் நின்றதல்லவா? எது நின்றது என்பதுதான் கேள்வி. பாவ்லவ்வின் ஆய்வைப் பள்ளியில் படித்தவர்கள் இதை எளிதில் உணரலாம். உணவுக்கு முன் ஓர் ஒலி தொடர்ந்து வந்தால், ஒலி கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கிறது. உணவுக்குப் பதிலாக வலி வந்தால்? தெருவில் வேறொரு நாய் எதிர்ப்படும்போதெல்லாம் கழுத்துப்பட்டை சுண்டி இழுக்கப்பட்டால், எதிர்ப்படும் நாயே வலியின் அடையாளமாகிவிடுகிறது. பட்டைக்கு அஞ்சி வெளியே அடங்கியிருக்கும். உள்ளே வெறுப்பு வளரும். மணிக்குத் தட்டின் அருகே வரும் மனிதன் ஆபத்தானவன் என்ற ஐயம் முன்பே இருந்தது. நான் மல்லாத்தி அந்த ஐயத்தை உறுதி செய்தேன்.

மாற்று வழியை விலங்குகளிடமிருந்து அன்று, ஒரு குழந்தையிடமிருந்து விளக்கலாம். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பீட்டர் என்னும் மூன்று வயதுகூட நிரம்பாத பையனுக்கு முயல் என்றால் நடுக்கம். அவன் விரும்பியதை உண்ணும்போது, கூண்டில் முயலைத் தொலைவில் வைத்தனர். அவன் கலங்காத அளவுக்கு மட்டுமே சிறிது சிறிதாக அருகே கொண்டு வந்தனர். முடிவில் முயலைத் தொட்டு விளையாடினான். சோற்றுத் தட்டைக் காக்கும் நாய்க்கும் செய்ய வேண்டியது இதுவே. அது உறுமாத தொலைவில் நின்று, தட்டிலிருப்பதைவிடச் சுவையான ஒன்றை எறிந்துவிட்டு விலகிச் செல்வது. நாட்கள் செல்லச் செல்ல, நாய் நம்மை எதிர்நோக்கி வாலாட்டத் தொடங்கிய பிறகே ஓரடி நெருங்குவது. உறுமினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள்; பின்வாங்க வேண்டும். முன்பே கடித்த நாயாக இருந்தால் இதையும் தனியே செய்து பார்க்காமல், தெரிந்த கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் நாய் உண்ணும்போது கதவைச் சாத்திவிடுவது எல்லா வித்தைகளையும்விட எளிது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை!

கருத்து இருக்கட்டும், கணக்கு என்ன சொல்கிறது? 2009இல் மெகன் ஹெரன் முதலிய மூவர், அமெரிக்காவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைக் குறையோடு கொண்டுவரப்பட்ட நாய்களின் உரிமையாளர் 140 பேரைக் கேட்டு எழுதினர். அடித்தல் அல்லது உதைத்தல் முறையைக் கையாண்டவர்களில் 43 விழுக்காட்டினரின் நாய்கள் சீறவோ கடிக்கவோ செய்தன. மல்லாத்திய நாய்களில் 31 விழுக்காடு. முறைத்துப் பார்த்ததற்கே 30 விழுக்காடு. வெகுமதியைக் கொண்டு பயிற்றும் முறைகளில் இவ்வாறு நேர்ந்தவை மிகச் சிலவே. இக்கணக்கை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. இவை முன்பே தொல்லை தந்த நாய்கள், சொன்னவர்கள் உரிமையாளர்கள், நினைவிலிருந்து சொன்னார்கள். எனினும் மல்லாத்துவது யாருக்காகப் பரிந்துரைக்கப்பட்டதோ, அதே வகை நாய்களிடம்தான் அது மூன்றில் ஒன்றுக்குத் தீங்காய் முடிந்திருக்கிறது என்பதை மறுக்க இயலாது. 2020இல் போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்தவர்கள், கடுமையான முறைகளைக் கையாளும் பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த இயக்குநீர் மிகுதியாக உயர்வதைக் கண்டனர்.

திருத்திய பதிப்பு

2002ஆம் ஆண்டுப் பதிப்பில் மல்லாத்தும் முறை நீக்கப்பட்டது. இதைத் துறவிகளின் பெருந்தன்மை என்றே சொல்வேன். தவற்றைச் சத்தமின்றி அழித்துவிட்டுப் போகாமல், இனி இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே எழுதினர். ஆனால் கிளையை வெட்டியவர்கள் வேரைத் தொடவில்லை. கூட்டம், தலைமை என்ற சட்டகத்திற்குள்தான் திருத்திய நூலும் பேசுகிறது. மல்லாத்துவது ஆபத்தானது என்பதோடு நிறுத்திக்கொள்கிறதே தவிர, அதற்கு அடியில் இருந்த கருத்தே பொருந்தாதது என்ற இடம்வரை அது வரவில்லை. வேர் இருந்தால் தளிர்க்கும். 2004இல் தொடங்கிய 'டாக் விஸ்பரர்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அதே ஆல்ஃபாவை, அதே அமுக்கிப் பிடித்தலை, உலகெங்கும் கொண்டு சென்றது. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் திரையில் ஓடிக்கொண்டிருந்தது! வீட்டு நாய்க்கு வீட்டில் செய்யக் கூடாத பயிற்சி எதற்கு?

ஒப்பிட்டுப் படிக்க விரும்புவோருக்கு, கேரன் பிரையர் 1984இல் எழுதிய 'டோன்ட் ஷூட் தி டாக்' என்னும் சிறு நூலைச் சொல்வேன். ஹவாயில் டால்ஃபின்களைப் பயிற்றுவித்தவர் அவர். டால்ஃபினைச் சங்கிலியால் சுண்டவோ மல்லாத்தவோ முடியாது. பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும். எனவே வெகுமதி ஒன்றைக் கொண்டே எப்படிக் கற்பிப்பது என்பதை அவர் கற்க வேண்டியிருந்தது. தலைப்பைக் கண்டு நாய்களைப் பற்றி மட்டும் எழுதிய நூல் என்று எண்ணுபவர் ஏமாறுவர். கடிநாய்க்கு நேரடி மருத்துவமும் அதில் இல்லை. ஆனால் ஒரு செயல் ஏன் நிலைக்கிறது, ஏன் மறைகிறது என்பதை மாணவர்க்கு அதைவிடத் தெளிவாக விளக்கும் எளிய நூலை நான் படித்ததில்லை. குட்டி வாங்க நினைப்போர் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலின் முடிவையாவது அறிந்திருப்பது நல்லது. பிறந்து மூன்று வாரம் முதல் பன்னிரண்டு வாரம்வரை உள்ள காலத்தில் மனிதரோடு பழகாத குட்டி, பின்னாளில் மனிதரைக் கண்டு மருளும். அந்த மருட்சிதான் பல கடிகளுக்குத் தொடக்கம்.

நியூ ஸ்கீட் துறவிகளின் நூலை வாங்குவதானால் 2002ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்குங்கள். பழைய புத்தகக் கடைகளில் முதற்பதிப்பு கிடைக்கலாம். உள்ளே ஆண்டைப் பார்த்து வாங்குவது நல்லது. எந்த நூலைப் படித்தாலும், கடி வாங்க நேர்ந்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இப்போது ஊசி கையில்தான் போடுகிறார்கள். தொப்புளைச் சுற்றி அன்று.