சோழவரத்து ஓடுபாதையில் என்ன ஒரு ஓட்டம்!

சோழவரத்துக்கு ஈடாகத் தமிழ்நாட்டில் இன்னொரு பந்தயக்களம் இருந்ததில்லை. இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். நான் வால்பாறைக்காரன். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள்; எஸ்டேட் ஜீப் இரண்டாவது கியரைத் தாண்டுவதே அபூர்வம். அப்படி வளர்ந்தவன் கண்ணெதிரே, வளைவு சுளிவே இல்லாமல் நீண்டு கிடக்கும் விமான ஓடுபாதையில் பைக்குகள் முழு வேகத்தில் சீறிப் பாய்ந்தால் எப்படி இருக்கும்! மெய்சிலிர்த்துப் போனேன். நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்த களைப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அந்தப் பாதையைப் பந்தயத்துக்காக யாரும் போடவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று குண்டு வீசின. அடுத்தது மதராஸ்தான் என்று பயந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பட்டணத்தைக் காலி செய்தார்கள். அந்தப் போர்க்காலத்தில் உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, எங்கள் பக்கம் சூலூர் என்று பல ஊர்களில் விமானத்தளங்கள் இயங்கின. மதராஸுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, சோழவரம். 1944-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 27, 47ஆம் ஸ்குவாட்ரன்கள் பியூஃபைட்டர் விமானங்களோடு இங்கேதான் இருந்தன. இரட்டை எஞ்சின், வயிற்றுப் பக்கம் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள்! அந்த ராட்சதங்கள் ஓடிய தரையில் நான் நிற்கிறேன் என்ற நினைப்பே எனக்குப் போதை.

போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன. பாதை மட்டும் வெயிலில் கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. சோழவரம் அதன் வீடானது. உலகம் முழுக்க நடந்த கதைதான் இது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஒரு குண்டுவீச்சு விமானத்தளம். 1948-லேயே அங்கே கிராண்ட் பிரீ ஓட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் செப்ரிங்கும் ராணுவ விமானத்தளமாக இருந்ததுதான். அகலமான பாதை, சுற்றிலும் மரமோ வீடோ கிடையாது, வண்டி தடம் மாறினாலும் மோத ஒன்றும் இல்லை. பந்தயத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் சோழவரத்தின் உயிர் இருந்தது அந்த நேர்ப்பாதை முடியும் இடத்தில். உச்ச வேகத்தில் வருகிறவன் திடீரென்று ஒரு முரட்டு வளைவுக்குள் வண்டியைத் திணிக்க வேண்டும். கோயம்புத்தூர் மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் எனக்குப் பந்தயம் பார்க்கவே கற்றுக்கொடுத்தார். "கண்ணு, வண்டியப் பாக்காத. அவன் எங்க பிரேக்கு புடிக்கறான்னு பாரு. அங்கதான் ரேசே இருக்குது." பார்த்தேன். "ஏனுங்ணா, இவ்ளோ லேட்டாவா புடிப்பாங்க?" என்று கேட்பதற்குள் முன்னால் போனவன் தலை நிமிர்ந்துவிட்டது. காற்றுக்குப் பயந்து டேங்க்கோடு டேங்க்காகப் படுத்து வந்தவன், பிரேக் போட்டதும் நிமிர்ந்து நெஞ்சால் காற்றை வாங்குகிறான். பின்னால் வந்தவன் இன்னும் நிமிரவில்லை! ஒரு மூச்சு நேரம். உள்பக்கமாக நுழைந்து முந்திவிட்டான். டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களின் அலறலும், எரிந்த ஆமணக்கெண்ணெய் வாசமும், வேலிப் பக்கம் எழுந்த கூச்சலும்... இன்றைக்கு எத்தனை பெரிய திரையில் எந்த நாட்டுப் பந்தயத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது பிரேக் பிடிக்கும் இடத்தைத்தான்.

யார் யார் ஓட்டினார்கள் தெரியுமா? விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். பின்னாளில் ஃபார்முலா ஒன்னுக்குப் போன கருண் சந்தோக்கின் அப்பா விக்கி சந்தோக் ஓடிய களம் இது. ஃபியட், ஹெரால்டு, சிபானி டால்பின், யெஸ்டி, புல்லட், ஆர்.டி. 350 என்று தெருவில் பார்க்கிற வண்டிகளெல்லாம் இங்கே வேறு அவதாரம் எடுக்கும்.

என்றாலும் என் நெஞ்சில் முதலிடம் எங்கள் கோவை கரிவர்தனுக்குத்தான். வெளிநாட்டுக் கார் வாங்கப் பணம் உள்ளவன் மட்டும்தான் ரேஸ் ஓட்ட முடியும் என்ற நிலையை மாற்றியவர் அவர். 80களில் மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கோயம்புத்தூரிலேயே கட்டினார். நம்ம ஊர்ப் பட்டறையில் பிறந்த கார்! எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி எஞ்சின். ஜெயிப்பது ஓட்டுகிறவன் கையில். கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியைத்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். 1995-ல் சிறு விமான விபத்தில் கரி போய்விட்டார். அந்தச் செய்தி கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

1990-ல் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறின. நல்ல களம், பாதுகாப்பான களம், குறை சொல்ல மாட்டேன். கோவையில் செட்டிபாளையத்தில் கரியின் பெயரிலேயே 2.1 கிலோமீட்டர் களம் இருக்கிறது; அங்கே பந்தயம் என்றால் மலையிறங்கி முதல் ஆளாக நிற்பேன். எனக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி. ஜி.என்.டி. சாலை ஓரத்தில், சோழவரம் திருப்பத்தில், ஒரு பெரிய பலகை வைக்க வேண்டும். பியூஃபைட்டர் ஸ்குவாட்ரன்களின் எண்களும் அங்கே ஓட்டிய நம் வீரர்களின் பெயர்களும் ஒரே பலகையில் இருக்க வேண்டும். பெயிண்ட் செலவு என்னுடையது.