சுவரை நம்பி நிற்கும் அலமாரி

திருத்தணிக் கடைத்தெருவை அடுத்த பழைய வீடு ஒன்றின் கூடத்தை ஜிப்சம் போர்டால் தடுத்து, இரு குடித்தனங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் என் நண்பர், தம் இரண்டு வயது மகனின் துணிமணிகளுக்காக நான்கு இழுப்பறைகள் கொண்ட அலமாரி ஒன்றை இணையத்தின் வழியே தருவித்தார். பெட்டிக்குள் ஒரு நாடா, ஓர் 'எல்' வடிவ இரும்புத் துண்டு, ஒரு படத்தாள் ஆகியவை இருந்தன. அலமாரியைச் சுவரோடு பிணைக்கவேண்டும் என்கிறது படம். சுவருக்கான திருகாணி மட்டும் இல்லை. சுவர்கள் பலவகை, ஆகவே தகுந்ததை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. நூல்களை மட்டுமே விமரிசிக்கவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இந்தத் தாளையும் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில், அலமாரி ஏன் சாய்கிறது? ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையின் 365 படிகளில் காவடி சுமந்து ஏறுபவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். தோளின் இருபுறமும் பாரம் ஒத்திருப்பதால் புவியீர்ப்பு மையம் அவர்களுடைய பாதங்களுக்கு மேலேயே நிற்கிறது. பாரம் முழுவதையும் ஒரே பக்கம் தள்ளினால் என்ன ஆகும்? இழுப்பறைகளை எல்லாம் வெளியே இழுத்துவிட்ட அலமாரியின் நிலை அதுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலமாரியின் எடை 32 கிலோ என்று கொள்வோம். அதில் சட்டம் 16 கிலோ, நான்கு இழுப்பறைகள் தலைக்கு 4 கிலோ. எல்லாம் மூடியிருக்கையில் எடை மையம் முன்விளிம்பிலிருந்து 24 செ.மீ. உள்ளே இருக்கிறது. நான்கையும் 30 செ.மீ. வெளியே இழுத்தால் அவற்றின் மையம் விளிம்பைத் தாண்டி 6 செ.மீ. முன்னால் வந்துவிடும். சட்டத்தின் திருப்புத்திறன் 16 x 24 = 384; அதற்கு எதிராக இழுப்பறைகளின் திருப்புத்திறன் 16 x 6 = 96. மிச்சம் 288. இப்போது 12 கிலோ எடையுள்ள குழந்தை இழுப்பறையின் நுனியில் தொங்கினால் 12 x 30 = 360. அலமாரி கவிழ்ந்துவிடும்! ஒரே ஓர் இழுப்பறை திறந்திருந்தால் கவிழாது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

அலமாரியை நிறுத்திவைக்கச் சுவர் எவ்வளவு இழுக்கவேண்டும்? மீதி 72ஐ, நாடா கட்டிய உயரமான 75 செ.மீ.யால் வகுத்தால் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசைகூட வேண்டியதில்லை. வியப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் குழந்தை அசையாமல் தொங்குவதில்லை; குதிக்கும், ஆட்டும். அப்போது விசை பன்மடங்காகும். நாடா தளர்ந்திருந்தால் அலமாரி சாயத் தொடங்கி வேகம் பெற்ற பிறகே சுவரை வெடுக்கென்று இழுக்கும். நாடாவை மேல்விளிம்பில், தொய்வில்லாமல் கட்டவேண்டும் என்பது இதனால்தான்.

செங்கல் சுவரில் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் செருகித் திருகினால், பிளக் விரிந்து செங்கல்லை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஜிப்சம் போர்டில் அதே வித்தை செல்லாது. கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனதே. அதை இரு தாள்களுக்கிடையே 12 மில்லிமீட்டர் கனத்துக்குப் பலகையாக்கியிருக்கிறார்கள், பின்னால் வெற்றிடம். பிளக் விரிந்தால் அது பொடிந்துபோகும். உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தைத் தேடி அதில் திருகவேண்டும். இல்லையேல் துளைக்கு அப்பால் இறக்கை விரித்துப் பலகையின் முதுகைப் பற்றிக்கொள்ளும் 'டாகிள் போல்ட்' வேண்டும். தாளில் இதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. நண்பர் கொண்டுவந்ததோ, ஹார்டுவேர் கடையில் கொடுத்த சாதாரண பிளக்.

இது நண்பர் ஒருவருடைய தொல்லை மட்டுமன்று. ஐக்கியா நிறுவனத்தின் 'மால்ம்' வகை அலமாரிகள் சாய்ந்து அமெரிக்காவில் குழந்தைகள் இறந்தபோது, 2015ஆம் ஆண்டில் அந்நிறுவனம் சுவரில் பிணைக்கும் சாதனத்தை இலவசமாக வழங்கியது. 2016 பிப்ரவரியில் மின்னசோட்டாவில் இன்னொரு குழந்தை, 22 மாத வயதில், இறந்தது. அந்த அலமாரியும் பிணைக்கப்படவில்லை. அதே ஆண்டு ஜூனில் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் அலமாரிகள் திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஆக, நாடாவும் இரும்புத் துண்டும் தனியே போதவில்லை. பெற்றோரைக் குறை சொல்வது எளிது. ஆனால் கோடிக்கணக்கான வீடுகளில், கோடிக்கணக்கான மனிதர்கள், தங்கள் சுவரின் இயல்பறிந்து சரியான ஆணியைத் தேடிப் பொருத்துவார்கள் என்று எதிர்பார்த்த அமைப்பின்மேல்தான் எனக்குக் குறை. பொருளே சாயாதபடி செய்யவேண்டிய வேலை, வாங்கியவர் தலையில் கட்டப்பட்டது.

2022 டிசம்பரில் அமெரிக்காவில் கையெழுத்தான 'ஸ்டர்டி' சட்டம் இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. துணி நிறைந்த இழுப்பறைகள் பல திறந்திருக்கும்போதும், அடியில் கம்பளம் கிடந்தாலும், 60 பவுண்டு அதாவது சுமார் 27 கிலோ வரை எடையுள்ள குழந்தை ஏறினாலும் அலமாரி நிற்கிறதா என்று சோதிக்கவேண்டும் என்றது. அதன் கீழ் வந்த கட்டாயத் தரம் 2023 செப்டம்பர் 1 முதல் தயாரானவற்றுக்கே பொருந்தும். துணி வைக்கும் அலமாரிகளோடு நின்றுவிடுகிறது. அலமாரியின் தலையில் நாம் ஏற்றிவைக்கும் தொலைக்காட்சிப் பெட்டி அதற்குள் வரவில்லை. அதுவும் ஒரு குறைதான்.

நண்பர் வீட்டில் இன்னொரு தடை: வீட்டுக்காரர் சுவரில் ஆணியடிக்க விடவில்லை. பேசிப் பார்த்து, கடைசியில் இரண்டே துளைகளுக்குச் சம்மதம் பெற்றோம். காந்தத் துண்டொன்றைப் போர்டின்மேல் நகர்த்தி உள்ளே சட்டம் எங்கே என்று கண்டுபிடித்தோம். சட்டத்தைப் பலகையோடு பிணைக்கும் திருகாணிகள் காந்தத்தை இழுக்கும். சட்டத்திலேயே திருகி நாடாவை இறுக்கிக் கட்டினோம். கனமான துணிகளை அடி இழுப்பறைக்கு மாற்றி, மேலே வைத்திருந்த பொம்மைகளைத் தரைக்கு இறக்கிவிட்டார். பையன் ஏறுவதே அவற்றை எடுக்கத்தானாம்.