அடைப்புக்குறிக்குள் ஒரு பாவு

ஆரணியில் புதுப் பாவு வந்தால் தறியை முதலிலிருந்து பூட்டுவதில்லை. பழைய பாவின் நுனிகளை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புது இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான முடிச்சு. ஆனால் பிணைத்து இழுத்துவிட்டால், ஒவ்வொரு இழையும் தான் போகவேண்டிய கண்ணுக்குத் தானே போய்ச் சேரும். நியூலிஸ்ப் என்கிற குட்டி நிரல்மொழியின் தொடக்கக் கோப்பு எதற்கு என்று கேட்பவருக்கு நான் இந்த வேலையைத்தான் காட்டுவேன்.

லிஸ்ப் குடும்பத்தை 1958-ல் தொடங்கிவைத்தவர் ஜான் மெக்கார்த்தி. அந்த வம்சத்தில் லுட்ஸ் மியூல்லர் 1991-ல் எழுதத் தொடங்கியது நியூலிஸ்ப். மொழி மொத்தமும் சில நூறு கிலோபைட்தான். பெரிய லிஸ்ப்களைப் புகழ ஆள் நிறைய உண்டு; எனக்கு இந்தச் சின்னதில்தான் ருசி.

முக்கியமாக ஒரு வழக்கம். அடைப்புக்குறிக்குள் முதலில் நிற்பது செய்யவேண்டிய வேலையின் பெயர் என்பது லிஸ்ப் மரபு. நியூலிஸ்பில் அந்த இடத்தில் பட்டியலே வந்து உட்காரலாம். யுனிகோடு ஏற்கும் பதிப்பில் பெயர்களைத் தமிழிலும் வைக்கலாம். ‘பாவு’ என்ற பட்டியலில் அரக்கு, மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து என நான்கு நிறம் இருப்பதாகக் கொள்ளுங்கள். (பாவு 0) என்றால் அரக்கு. (பாவு -1) என்றால் கடைசி நிறமான மயில்கழுத்து. (1 2 பாவு) என்று எண்களை முன்னே போட்டால், ஒன்றாம் இடத்திலிருந்து இரண்டு நிறம்: மஞ்சள், கிளிப்பச்சை. எடு, வெட்டு என்று ஒரு வினைச்சொல் கூட இல்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு வண்ண வரிசையைப் பேச முடியுமா?

பட்டியலை நாம் எழுதிய சார்புக்குக் கொடுத்தால் நகல்தான் உள்ளே போகும். ஒரு மதிப்புக்கு ஒரே பிடிமானம் என்பது இம்மொழியின் விதி. வேலை முடிந்ததும் நினைவகம் உடனே விடுபடும். குப்பை அள்ளுவதற்காக நிரல் நடுவழியில் நிற்பதில்லை. பெரிய பட்டியல் என்றால் நகலெடுப்பது பாரம்தான். அதற்கு ‘கான்டெக்ஸ்ட்’ என்ற தனி அறைக்குள் தரவை வைத்து, அறையின் பெயரை மட்டும் கொடுப்பார்கள். ஸ்கீம் என்ற இன்னொரு லிஸ்ப் பழகியவர்கள் இதையும், மாறிகளின் எல்லை இயங்கும்போது முடிவாவதையும் பார்த்து முகம் சுளிப்பார்கள். இரண்டு பக்க நிரலுக்கு அந்தக் கவலை தேவையில்லை என்பது என் கட்சி.

தொடக்கக் கோப்புக்கு வருவோம். வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் ‘இனிட்’ கோப்பு ஒன்றை வைத்தால், மொழி திறக்கும்போதெல்லாம் அதைப் படித்துக்கொள்ளும்; தறியில் விட்டுவைத்த பழைய நுனிகள்போல, புது வேலையைப் பிணைக்க அது தயாராக இருக்கும். அதில் நான் முதலில் எழுதுவது கூட்டல் குறிக்கான வரி. இம்மொழியின் கூட்டல் குறி முழு எண்களுக்கானது, (+ 1.5 2.5) என்று கேட்டால் தசமத்தை உதறிவிட்டு 3 என்று சொல்லும். பட்டு நூலை எடைபோட்டு வாங்கும் ஊரில் இந்தக் கணக்கு செல்லுமா? ‘ஆட்’ என்ற தசமக் கூட்டலை அந்தக் குறிக்கு மாட்டிவிட ஒரே வரி போதும். அடிப்படைக் குறியையே இப்படி மாற்றிக்கொள்ள எல்லா மொழிகளும் விடுவதில்லை.

அடுத்தது பெயர்கள். ஒன்றைப் பல படியாக்கும் ‘டப்’ என்ற சார்புக்கு ‘மடக்கு’ என்று பெயர் வைத்துக்கொண்டால், (மடக்கு பாவு 40) என்றதும் நான்கு நிறக் கோடு நாற்பது முறை வரிசைகட்டும். கட்டம் போட்ட சேலையின் பாவு வரிசைக்கு வேறென்ன வேண்டும்? கட்டளைக்குக் காத்திருக்கும் இடத்தில் தெரியும் அடையாளத்தையும் ‘தறி’ என்று மாற்றலாம்; அது வெறும் அழகுக்கு.

ஆசை மிகுந்து கோப்பைக் கொழுக்க விடாதீர்கள். உங்கள் கூட்டல் குறி அடுத்தவர் கணினியில் பழைய முழு எண் குறிதான். பிறருக்குக் கொடுக்கும் நிரலை, தொடக்கக் கோப்பைத் தாண்டிச் செல்லும் ‘-என்’ சுவிட்சோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.