ஷ்ரெக்கின் சேறும் ஒரு விளக்குக் கணக்கும்

2001 மே மாதம் ‘ஷ்ரெக்’ திரைக்கு வந்ததும் தேவதைக் கதைகளின் மானம் கப்பலேறியது. படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே கதாநாயகன் கதைப் புத்தகத்தின் தாளைக் கிழித்து, கழிப்பறையில் தாள் எதற்கு உதவுமோ அதற்குப் பயன்படுத்திவிட்டு வெளியே வருகிறான். ஆண்ட்ரூ ஆடம்சனும் விக்கி ஜென்சனும் இயக்கிய படம் அது. அனிமேஷன் படங்களுக்கென்று ஆஸ்கரில் தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் விருதைத் தட்டிச் சென்றதும் அதுதான்.

கிண்டல் மட்டுமே அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தவில்லை. படத்தை உருவாக்கிய கலிஃபோர்னியாவின் பிடிஐ ஸ்டுடியோ கைதேர்ந்த தொழிலாளிகளின் பட்டறையாக இருந்தது. இஞ்சி ரொட்டிப் பொம்மையைச் சித்திரவதை செய்ய முக்கியெடுக்கும் பால், ஷ்ரெக் தலையில் ஊற்றிக்கொள்ளும் சேறு, இரண்டும் திரவம்தான். இரண்டும் வேறு வேறு கனத்தில் வழிகின்றன. முகத்தில் தோலுக்குக் கீழே எலும்பும் தசையும் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவை இழுக்கும் இழுப்பில் புன்னகையும் முகச்சுளிப்பும் உருவாகும்படி செய்திருந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விற்பனைக்கு வந்தது. அதோடு கடைக்கு வந்த விளையாட்டுகளில் ‘ஹேலோ’வும் ஒன்று. அதன் பக்கத்திலேயே அலமாரியில் உட்கார்ந்திருந்தது ‘ஷ்ரெக்’ விளையாட்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் இருந்த டிஜிட்டல் இல்யூஷன்ஸ் கனடா உருவாக்கி, டிடிகே மீடியாஆக்டிவ் வெளியிட்டது.

வாங்கி விளையாடியவர்கள் நொந்துபோனார்கள். விமர்சகர்களும் பெரிதாக இரக்கம் காட்டவில்லை. கோளாறு கதையிலேயே இருக்கிறது. படத்தில் வில்லனாக வரும் ஃபார்குவாட் பிரபுவை முடிவில் டிராகன் விழுங்கிவிடுகிறது. ஆகவே விளையாட்டுக்குப் புதிதாக ஒரு வில்லன் தேவைப்பட, மந்திரவாதி மெர்லினைப் பிடித்துவந்தார்கள். அவன் ஃபியோனாவைக் கடத்துகிறான். அவளை மீட்க ஷ்ரெக் கதை உலகங்கள் ஒவ்வொன்றாகப் போய் நற்செயல்கள் செய்ய வேண்டும். ஆம், நற்செயல்கள்! படம் முழுக்க அந்தப் பச்சை ராட்சதன் கேட்டதெல்லாம் தன் சதுப்பு நிலத்தில் தன்னைத் தனியாக விட்டுவிடுங்கள் என்பதுதான். தேவதைக் கதை மாந்தர் வாசலில் வந்து குவிந்ததற்கே எரிந்து விழுந்தவன் அவன். அவனைக் கூப்பிட்டு, கண்டவர்களுக்கெல்லாம் எடுபிடி வேலை செய்து புள்ளி சேர் என்றால், ஆட்டுவிப்பது ஷ்ரெக்கின் தோலைப் போர்த்திய வேறு யாரையோ.

நகைச்சுவையின் கதி அதைவிட மோசம். ஏப்பமும் வாயுவும் படத்தில் வருகின்றன. எதிர்பாராத இடத்தில் வந்து, ஷ்ரெக் அவற்றைப் பொருட்படுத்தாத விதத்தில் சிரிப்பு மூட்டுகின்றன. விளையாட்டில் அவை ஆயுதங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் எதிரி விழுவான். முதல் தடவை குழந்தை சிரிக்கும். ஐம்பதாவது தடவை அதே குழந்தை எதிரி விழுந்தானா என்று மட்டும் பார்க்கும். சிரிப்பு எந்த நொடியில் வர வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை நகைச்சுவையாளனுக்கு முக்கியம். அந்த உரிமையை ஆடுபவரின் கட்டைவிரலுக்கு எழுதிக்கொடுத்தால் மிஞ்சுவது ஓசை மட்டுமே.

படத்தின் சிரிப்பை விளையாட்டுக்குள் கொண்டுவருவது முடியவே முடியாத காரியம் என்றும் சொல்லிவிட முடியாது. 1993இல் செகா ஜெனிசிஸ் கருவிக்காக விர்ஜின் நிறுவனம் உருவாக்கிய ‘அலாவுதீன்’ இருக்கிறது. அதற்கான உருவங்களை டிஸ்னியின் அனிமேஷன் கலைஞர்களே தாளில் வரைந்து தந்தார்கள். பிறகு அவற்றைக் கணினிக்குள் ஏற்றினார்கள். அக்ரபா தெருவில் தணல் பரப்பிய இடத்தில் காலை வைத்த காவலாளி பாதத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளுவான். அந்தத் துள்ளலின் வேகமும் இடைவெளியும் ஓவியனின் கையிலிருந்து வந்தவை; எத்தனை முறை பார்த்தாலும் தேயாது. மறு ஆண்டு வந்த ‘லயன் கிங்’ அழகில் குறைவில்லாதது. ஆனால் வாடகைக்கு எடுப்பவர்கள் இரண்டு நாளில் முடித்துத் திருப்பிவிடக் கூடாது என்று அதன் இரண்டாம் கட்டத்தை வேண்டுமென்றே கடினமாக்கினார்கள். விளையாட்டை உருவாக்கிய வெஸ்ட்வுட் ஸ்டுடியோவின் லூயி காசிலே பின்னாளில் இதை வெளிப்படையாகச் சொன்னார்.

இவ்வளவு குறை சொல்லியும் ‘ஷ்ரெக்’ விளையாட்டை ஒதுக்கிவிட முடியாது. கதையை மறந்துவிட்டு, ஒளி எங்கே விழுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அன்றைய விளையாட்டுகளில் விளக்கு என்பது பெரும்பாலும் ஏமாற்று. சுவரின் படத்திலேயே வெளிச்சத்தையும் நிழலையும் முன்கூட்டி வரைந்து ஒட்டிவிடுவார்கள். நகரும் விளக்குகளுக்குக் கணக்குப் போட வேண்டும், அது கட்டுப்படியாகாது. வழக்கமான முறையில் ஒரு பொருளை வரையும்போதே அதன்மேல் விழும் விளக்குகள் அத்தனைக்கும் கணக்கு முடித்தாக வேண்டும். 300 பொருள், 10 விளக்கு என்றால் 3,000 கணக்கு. அதிலும் ஒரு வீணடிப்பு உண்டு. தூணுக்கு ஒளி கணக்கிட்டு வரைந்து முடித்த பிறகு, அதற்கு முன்னால் ஒரு வீடு வந்து மறைத்துக்கொள்ளும். பீரோ நிற்கப்போகும் சுவருக்கும் இரண்டு கோட் பெயின்ட் அடித்த கதைதான்.

கனடாக்காரர்கள் வரிசையை மாற்றினார்கள். முதல் சுற்றில் விளக்கே கிடையாது. திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் கடைசியாகக் கண்ணுக்குத் தெரியப்போவது எது, அதன் நிறம் என்ன, அந்தப் பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற விவரங்களை மட்டும் குறித்துக்கொள்வது. அடுத்த சுற்றில்தான் விளக்குகள் வரும். ஒவ்வொரு விளக்கும் தான் எட்டும் புள்ளிகளை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். மறைந்துபோன தூணுக்கு ஒளிக்கணக்குச் செலவே இல்லை. பொருள் எண்ணிக்கையும் விளக்கு எண்ணிக்கையும் ஒன்றையொன்று பெருக்காமல் விலகி நிற்கின்றன. டெஃபர்ட் ஷேடிங் என்று பெயர் பெற்ற இந்த முறையை ஒரு வணிக விளையாட்டு முதலில் கையாண்டது இதில்தான் என்று கிராபிக்ஸ் துறையினர் குறிப்பிடுகிறார்கள்.

அழகு இருப்பது அந்த இடைப்பட்ட நிலையில். ஆடுபவர் கண்ணில் அது படுவதே இல்லை. திசையை எண்ணாகச் சேமிக்க வேண்டும். சேமிக்கக் கிடைத்த இடமோ நிறத்துக்கான சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பெட்டிகள். இடம் வலம் ஒன்றில், மேல் கீழ் ஒன்றில், முன் பின் ஒன்றில். அந்தக் குறிப்பை அப்படியே படமாக விரித்தால் பச்சை ராட்சதன் பச்சையாக இருக்க மாட்டான். வழக்கமான குறியீட்டுப்படி நம்மை நேராகப் பார்க்கும் மூக்கும் தொந்தியும் வெளிர் ஊதாவாகத் தெரியும். நமக்கு வலப்பக்கமாகத் திரும்பிய கன்னம் ரோஜா நிறமாகும். மண்டையின் மேல்பக்கம் பச்சையோடு சேரும். தூரத்தைச் சொல்லும் படமோ பனிமூட்டம் மாதிரி, அருகே கருத்து, போகப்போக வெளுத்து நிற்கும். நிறமே இல்லாத நிலை ஒன்று, நிறமே திசையாகிவிட்ட நிலை ஒன்று. இரண்டையும் சேர்த்து விளக்கைக் காட்டினால் தோலின் சொரசொரப்பு மேடும் பள்ளமுமாக எழுந்துவரும்.

யோசனை கனடாவில் பிறந்ததல்ல. 1988இல் மைக்கேல் டீரிங்கும் உடன் ஆய்வாளர்களும் கணினி வரைகலைக்கான சிக்கிராஃப் மாநாட்டில் இதை ஒரு சில்லு வடிவமைப்பாக முன்வைத்தார்கள். 1990இல் ஜப்பானியர்களான சைட்டோவும் தகஹாஷியும், புள்ளி வாரியாகத் திசையையும் தூரத்தையும் சேமிக்கும் அந்தக் கிடங்குக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். அவர்களுடைய கவலை விளையாட்டு அல்ல. உருவங்களின் விளிம்பும் வளைவும் பார்த்ததும் புரியும்படி படம் வரைவது. வீட்டு வரவேற்பறையில் நொடிக்குப் பல முறை இதை ஓட்டுவது வேறு சமாச்சாரம். எக்ஸ்பாக்ஸுக்கு இருந்த மொத்த நினைவகம் 64 மெகாபைட். 640க்கு 480 என்றால் 3,07,200 புள்ளிகள்; புள்ளிக்கு நான்கு பைட் வைத்தாலே ஒவ்வொரு குறிப்புப் படமும் ஒரு மெகாபைட்டைத் தாண்டும். பல படங்களில் ஒரே வீச்சில் எழுதும் வசதியும் அந்தக் கால சில்லுகளில் கிடையாது. வெளியீட்டு நாளுக்குள் முடித்தே தீர வேண்டிய ஒரு குழு, ராட்சதன் ஏப்பம் விடும் விளையாட்டுக்காக இந்த வம்பில் இறங்கியதே ஆச்சரியம்தான்.

2004இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ரிச் கெல்ட்ரைக், மாட் பிரிட்சர்ட், ஜான் புரூக்ஸ் மூவரும் இந்த முறையை விளக்கினார்கள். 2007இல் உக்ரைனிலிருந்து ‘ஸ்டாக்கர்’, 2009இல் நெதர்லாந்திலிருந்து ‘கில்சோன் 2’ என்று பெரிய பெயர்கள் இதே வழியில் வந்தன. டிஜிட்டல் இல்யூஷன்ஸ் கனடாவுக்கு ஸ்வீடனில் இருந்த தாய் நிறுவனமான டைஸ் 2011இல் கொண்டுவந்த ‘பேட்டில்ஃபீல்ட் 3’ திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, இதே கணக்கை இன்னும் சிக்கனமாக்கியது. கனடாக் கிளை அப்போது இல்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் டைஸை முழுதாக வாங்கிய 2006இலேயே அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

இந்த முறைக்கு இன்றுவரை ஒத்துவராத பொருள் ஒன்று உண்டு. புள்ளிக்கு ஒரே ஒரு பரப்புதான் என்று குறித்துக்கொள்வதால், ஊடாகப் பார்க்க முடிகிற எதற்கும் அந்தக் கிடங்கில் இடமில்லை. கண்ணாடி, புகை, நீராவி எல்லாவற்றையும் விளக்கு வேலை முடிந்த பிறகு, பழைய முறையில் தனியாக வரைந்து மேலே பூச வேண்டியிருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் ‘ஷ்ரெக்’கில் எதிரிகளை வீழ்த்தும் ஆயுதங்களில் ஒன்று வாயு.