மஞ்சளும் மதிய வெயிலும்

போன மலேசியா தினத்தன்று, ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு வாசல் சிமெண்டுத் தரையில் நடந்ததை இன்னும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையகலத் தாளில் ஒரு முருங்கைக் கொத்து. காம்பு, கிளைக்காம்பு, கடைசிச் சிற்றிலை வரை அத்தனையும் அப்படியே! வரைந்தது யாருமில்லை, வெயில்.

பெயிண்ட் கிடையாது, கேமரா கிடையாது. சமையலறை மஞ்சள் தூள்தான் எல்லாம். இரண்டு கரண்டி தூளை அரைக் கோப்பை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நானே கலக்கினேன். தீப்பற்றும் பொருள், அடுப்புப் பக்கமும் கூடாது, பிள்ளைகள் கையிலும் கூடாது. துணியில் வடிகட்டித் தடித்த ஓவியத் தாள்களில் பூசி, இரவு முழுக்க அலமாரி இருட்டில் காயவிட்டோம். காலை 11 மணிக்கு என் மகன், மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் என ஆளுக்கொரு தாள். கறிவேப்பிலை, பெரணி, முருங்கை என்று அவரவருக்குப் பிடித்ததைப் பரப்பி, பழைய படச்சட்டக் கண்ணாடிகளை மேலே வைத்து அழுத்தினோம்.

வெள்ளைச் சட்டையில் குழம்பு கொட்டினால் என் அம்மா துவைத்துவிட்டு வெயிலில்தான் போடுவார். சாயங்காலம் கறை மங்கியிருக்கும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினை ஒளி சிதைத்துவிடுகிறது. தாளிலும் அதேதான்: வெயில் பட்ட இடம் வெளுக்கும், இலை மறைத்த இடம் மஞ்சளாகவே நிற்கும். இதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. இரண்டரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியைத் தூக்கியதும் மகன் கத்தினான்: "பாட்டி, வெயில் மஞ்சளைத் தின்னுடுச்சு!" இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது.

செடிச்சாறுகளைத் தாளில் பூசி இப்படிப் படமெடுக்கும் முறையைப் பற்றி ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளர் 1842-இல் எழுதினார். இரும்பு உப்புகளால் நீலப்படம் பதியும் முறையையும் அதே ஆண்டில் அவர்தான் கண்டார். அதைக் கொண்டு மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்பவர் கடற்பாசிகளைப் பதித்து நூலாக்கத் தொடங்கினார். இங்கிலாந்து வெயிலில் பூச்சாற்றுப் படத்துக்கு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நமக்கோ ஒரு முற்பகல் போதும்! ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகையில்தான் இருக்கிறது. செப்டம்பர் நடுவில் உச்சிச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல். அதுவும் நம் கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, 1 மணிக்கு. நிழல் சாயாமல் இலைக்கு அடியிலேயே விழுவதால்தான் ஓரங்கள் அவ்வளவு கூர்மை. வெயில் என்றதும் திரைச்சீலையை இழுத்துவிடும் நான் அன்று வாசலை விட்டு நகரவில்லை.

உச்சக்கட்டம் அதற்கப்புறம்தான். படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா உள்ளே போய்த் தன் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வந்தார். ஒரு துளி சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரைப் பஞ்சால் தாளில் ஒற்றினார். மஞ்சள் முருங்கை கண்முன்னே செக்கச்செவேல் என்று மாறியது! "ஆரத்தித் தண்ணி கரைக்கிறது இப்படித்தானே?" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். வெயிலில் வெளுத்த பகுதியில் சிவக்க அவ்வளவு மஞ்சள் மிச்சமில்லை. நாலு பிள்ளைகளும் அவரைச் சூழ்ந்துகொண்டு, என் தாள், என் தாள் என்று நீட்டிய காட்சியை எப்படி எழுதுவது!

படங்களைச் சுவரில் மாட்டிவிடாதீர்கள், வெளிச்சம் மிச்சத்தையும் தின்றுவிடும். எங்களுடையவை ஆல்பத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. இன்றிரவே இரண்டு தாள் பூசி வையுங்கள். நாளை 10 மணிக்கே வெயிலில் வைத்தால், பிற்பகல் மழை இறங்குவதற்குள் எடுத்துவிடலாம்.