கைக்கெட்டும் தூரம்

மாக்ஸ் புரூக்ஸின் 'ஜாம்பி சர்வைவல் கைட்' (2003) பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "இதற்கெல்லாம் பக்கம் ஒதுக்க ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்னும் காலத்தில் பிழைப்பது எப்படி என்று சொல்லும் கையேடு அது. சிரிக்காத முகத்தோடு எழுதப்பட்டது. அதில் கையால் பிடித்து வீசும் ஆயுதங்களைப் பற்றிய பகுதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மூளை அழிந்தால்தான் ஜாம்பி விழும் என்பது புரூக்ஸின் ஒரே விதி. மற்றதெல்லாம் இதிலிருந்து தர்க்கமாகவே கிளைக்கிறது. ரம்பம் பொருத்திய யந்திரம் கனம், எண்ணெய் தீரும், அதன் சத்தமே இன்னும் நூறு பேரை அழைத்துவரும். வாளுக்குப் பயிற்சி வேண்டும். இப்படிக் கழித்துக்கொண்டே போய் தச்சர்கள் வைத்திருக்கும் எஃகுக் கடப்பாரைக்கு அவர் தரும் இடம் பெரிது. நம்மூரில் குழி தோண்டுகிற கடப்பாரை அல்ல; ஆணி பிடுங்கி, பெட்டி நெம்புகிற சின்ன வளைந்த கம்பி. ஒரு பொருளை அதன் கனத்தோடும் உபயோகத்தோடும் எழுதுவது நம் நாவலாசிரியர்களிடம் அபூர்வமாகிவிட்ட காரியம். அதற்காகவே இப்பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன்.

இரண்டாம் முறைதான் உறுத்தியது. இந்தப் பக்கங்களில் மண்டையோடு இருக்கிறது, முகம் இல்லை. அடிபடுகிறவன் நேற்றுவரை யாராக இருந்தான் என்பது ஆயுதத் தேர்வில் ஒரு பிரச்னையாகவே வருவதில்லை. கையேடு என்ற உருவத்தைப் புரூக்ஸ் கேலி செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். இப்போது தோன்றுகிறது, உருவம்தான் அவரை ஜெயித்துவிட்டது.

ஜார்ஜ் ரொமெரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) வேறு தளத்தில் இயங்குவது. பென் முதலில் கையில் எடுப்பது கார் டயர் கழற்றும் இரும்பு. துப்பாக்கி பிறகுதான் கிடைக்கிறது. நிலவறையில் செத்து எழுந்த சிறுமி ஒரு கொத்துக்கரண்டியால் தன் தாயையே குத்திக் கொல்கிறாள். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாகிறாள் தாய். பென்னின் சாவு இதற்கு நேர் எதிர். இரவைத் தாண்டிப் பிழைத்த அந்தக் கறுப்பு மனிதனைக் காலையில் வந்த வேட்டைக்கூட்டம் பிணமென்று நினைத்து தூரத்திலிருந்து சுட்டுவிடுகிறது. கடப்பாரையோடு வந்திருந்தால் அவர்கள் அருகில் வந்தாக வேண்டும். வந்திருந்தால் அவன் கண்ணில் உயிர் இருப்பது தெரிந்திருக்கும். தெரிந்தும் அடித்திருக்கமாட்டார்களா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. படம் எடுக்கப்பட்ட தேசத்தின் சரித்திரம் அப்படி.

யோன் சாங்-ஹோவின் கொரியப் படமான 'ட்ரெயின் டு பூசான்' (2016) இதையே இன்னும் கூர்மையாகக் கேட்கிறது. பள்ளிக்கூட பேஸ்பால் குழுப் பையன் ஒருவன் மட்டையோடு முன்னேறுகிறான். எதிரே வருகிற பிணங்கள் அவன் குழுவைச் சேர்ந்தவர்கள். ஓங்கிய கை நின்றுவிடுகிறது. நீளம், எடை, பிடி எல்லாம் சரிதான், ஆயுதம் பயன்படவில்லை. இருட்டில் அவற்றுக்குக் கண் தெரியாது என்பதைக் கண்டுகொண்டு, சுரங்கப்பாதையில் ரயில் போகும்போது, சாமான் வைக்கும் தட்டுகளில் ஊர்ந்து அவற்றின் தலைக்கு மேலேயே கடந்துபோகிறார்கள்.

எட்கர் ரைட்டின் 'ஷான் ஆஃப் தி டெட்' (2004) விளையாட்டுப் படம். ஆனால் நம் வட்டம் அவசியம் பார்க்கவேண்டும். பிணங்கள் கொல்லைக்கு வந்துவிட்டன. எறிவதற்கு இருப்பவை இசைத்தட்டுகள். எதை எறியலாம், எதை எறியக்கூடாது என்று இரண்டு நண்பர்கள் வாதிடுகிறார்கள். பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' தப்புகிறது, 'பேட்மேன்' பறக்கிறது. அதற்கப்புறம்தான் கிரிக்கெட் மட்டையும் மண்வாரியும். ரசனை விமர்சனம் உயிர்ப் பிரச்னையாகிற காட்சி வேறெதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. (எடையை மட்டும் பார்த்தால் என் அலமாரியில் சில பரிசு நாவல்கள் முதலில் பறக்கும்.)

ஆனால் இந்தப் படங்கள் அத்தனையும் மறந்துவிட்ட ஒன்று ஹெய்த்தி. அமெரிக்க ராணுவம் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் (1915-34) வில்லியம் சீப்ரூக் எழுதிய 'தி மேஜிக் ஐலண்ட்' (1929) மூலம்தான் ஜாம்பி அமெரிக்கப் பொதுமக்களுக்குப் பரவலாக அறிமுகமானது. அங்கே ஜாம்பி யாரையும் தின்பதில்லை. கரும்புக்காட்டில் கூலியில்லாமல் வேலை செய்கிறது. செத்தும் விடுதலை கிடைக்காத அடிமை. பயம், அது நம்மைக் கடித்துவிடும் என்பதல்ல. நாமே அதுவாகிவிடுவோம் என்பது. இன்றைய ஆயுதப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் மஷெட்டி, கரும்பு வெட்டியவனின் கத்தி. 1791இல் ஹெய்த்தி அடிமைகள் எழுந்தபோது அவர்கள் கையிலிருந்ததும் அதுதான். அந்தக் கத்தியையே அந்தப் பிணத்தின் கழுத்துக்குச் சிபாரிசு செய்கிறார்கள், கூச்சமில்லாமல்.

"சரி, நீங்கள் எதை எடுப்பீர்கள்?" என்றார் நண்பர். என் வீட்டில் இருப்பது தேங்காய் உரிக்கிற கடப்பாரை ஒன்றுதான். அன்று மாலை கொல்லையில் அதைத் தூக்கிப் பார்த்தேன். தோளுக்கு மேல் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, என்ன ஸார் என்றார். தேங்காய் என்றேன்.